ஆய்வகத்தில் வளர்ந்த மரகதம்: எழுதி வாங்க வேண்டிய ஒரு சொல்

கேள்வி: எங்கள் ஊர் இரணியல் பக்கம். வருகிற ஆவணியில் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். பச்சைக்கல் பதித்த பாலக்கா மாலை ஒன்றும் அதற்கு ஏற்ற கம்மலும் வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். நாகர்கோவிலில் ஒரு கடையில் 40 கற்கள் பதித்த, மொத்தம் ஐந்து பவன் எடையுள்ள மாலையைக் காட்டி, “இது லேப் எமரால்டு, ஹைட்ரோ கல், ஒரிஜினல் மாதிரியே இருக்கும்” என்றார்கள். மதிப்பீட்டுச் சீட்டில் ‘பச்சைக் கல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. போலிக் கல்லைப் போட்டு அனுப்பினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று என் நாத்தனார் கேட்கிறார். ஆய்வகத்தில் செய்த மரகதம் போலியா? பிற்காலத்தில் விற்றால் விலை கிடைக்குமா? என் மாமியார் தந்த பழைய மரகத மோதிரம் ஒன்றும் இருக்கிறது. அதன் கல் மங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதிய லேப் கல்லை வைக்கலாமா? – ஒரு வாசகி, இரணியல்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் வளர்த்த மரகதம் போலி அன்று. ஆனால் உங்களுக்குக் காட்டப்பட்ட கல் ஆய்வகத்தில் வளர்த்த மரகதம்தானா என்பது, கடைக்காரர் சொன்னதிலிருந்தும் தெரியவில்லை, அவர் தந்த சீட்டிலிருந்தும் தெரியவில்லை. உங்கள் நாத்தனாரின் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலை ஆய்வகக் கல்லின்மேல் விழாமல், பெயர் எழுதப்படாத கல்லின்மேல் விழ வேண்டும்.

மரகதம் என்பது பெரில் என்னும் கனிம இனத்தைச் சேர்ந்த கல். பெரில்லியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவை ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்ட படிகம் அது. அந்தப் படிகத்தில் மிகச் சிறிதளவு குரோமியமோ வனேடியமோ கலந்தால் நாம் மரகதம் என்று கொண்டாடும் பச்சை நிறம் வருகிறது. காங்கேயத்துக்கு அருகே படியூரில் கிடைத்த கடல்நீல நிறக் கல்லும் இதே பெரில் இனம்தான். நிறம் தரும் தனிமம் மட்டுமே வேறு. ஆய்வகத்தில் செய்யப்படுவதும் இதே பொருள்களை, இதே ஒழுங்கில் படிகமாக வளரவிடுவதுதான். அதனால் கடினம், ஒளி, நிறம் எல்லாம் மண்ணில் விளைந்த மரகதத்துக்கு உள்ளவைதாம். வேறு ஏதோ ஒரு பொருளுக்குப் பச்சை நிறம் ஏற்றி மரகதம் போலத் தோன்றச் செய்தால்தான் அது போலி. கண்ணாடி போலி, பச்சை நிற ஜிர்கோனியா போலி, நிறமற்ற இரு துண்டுகளுக்கு நடுவே பச்சைப் பசை வைத்து ஒட்டிய இரட்டைக் கல் போலி. தமிழில் ‘செயற்கை’ என்ற ஒரே சொல்லை இவ்விரண்டு வகைக்கும் பயன்படுத்தி வந்ததால்தான் இத்தனை குழப்பமும்.

முத்தை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். இன்று நம் கடைகளில் விற்கும் முத்துகளில் ஏறக்குறைய எல்லாமே மனிதன் சிப்பிக்குள் கரு வைத்து வளர்த்தவை. அவற்றை அணிந்த பெண்ணைப் பார்த்துப் போலி முத்து என்று யாரும் சொல்வதில்லை. முத்தை வளர்ப்பது ஓர் உயிர், மரகதத்தை வளர்ப்பது ஓர் உலை என்ற வேறுபாடு உண்டு. அதனால் வளர்த்த முத்துக்குச் சொல்லும் ‘கல்ச்சர்ட்’ என்ற சொல்லை மரகதத்துக்குப் பயன்படுத்துவது சரியன்று. வளர்த்ததை வளர்த்தது என்று சொல்லி விற்றால் அதில் குறை இல்லை என்பதற்கு மட்டும் முத்து நல்ல சான்று.

இது நேற்று முளைத்த தொழில்நுட்பமும் அன்று. பிரான்சில் 1888-ல் ஹோட்ஃபூய், பெரே என்ற இரு அறிவியலாளர்கள் சிறு மரகதப் படிகங்களை வளர்த்துக் காட்டினார்கள். நகைக்கு வெட்டக்கூடிய அளவிலான கற்களை 1930-களில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் கரோல் சாத்தம் வளர்த்தார். 1960-களில் பிரான்சில் பியேர் ஜில்சனும், வேறொரு முறையில் அமெரிக்காவின் லிண்டே நிறுவனமும் சந்தைக்கு வந்தனர். அண்மைக் காலமாக ஆய்வக வைரத்தைப் பற்றிய செய்திகள் நிறைய வருவதால், ஆய்வக மரகதமும் அதோடு சேர்ந்து வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆய்வக மரகதம் நம் பாட்டிமார் காலத்திலேயே உலகச் சந்தையில் இருந்தது.

வளர்க்கும் முறைகள் இரண்டு. ஒன்று ஃபிளக்ஸ் முறை. மரகதத்துக்கு வேண்டிய பொருள்களை, உருகிய உப்பு போன்ற ஒரு கரைப்பானில், பிளாட்டினக் கலத்துக்குள், ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் கரைத்து, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகப் படிகமாக்குவது. மற்றொன்று ஹைட்ரோதெர்மல் முறை. உறுதியான எஃகுக் கலத்தில் தண்ணீரை மிக உயர்ந்த அழுத்தத்திலும் 500, 600 டிகிரி வெப்பத்திலும் வைத்து, மெல்லிய விதைத் தகட்டின்மேல் மரகதத்தை வளர்ப்பது. இது வாரக்கணக்கில் முடிந்துவிடும். இரண்டுக்கும் விலை உயர்ந்த கருவிகளும் தேர்ந்த ஆள்களும் வேண்டும். ஆகவே நல்ல ஆய்வக மரகதம் கண்ணாடி விலைக்குக் கிடைக்காது. யாராவது காரட்டுக்கு மிகச் சொற்பமான தொகை சொல்லி ‘லேப் எமரால்டு’ என்றால், அது மரகதமே இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய சொல் ‘ஹைட்ரோ’. ஹைட்ரோதெர்மல் என்பதன் சுருக்கமாக அதைச் சொல்கிறவர்கள் உண்டு. வெறும் நிறக் கண்ணாடியை ‘ஹைட்ரோ’ என்று சொல்லி விற்பவர்களும் சந்தையில் உண்டு. ‘நானோ’ என்ற சொல்லும் அப்படியே. இச்சொற்கள் கல் எந்தப் பொருளால் ஆனது என்று சொல்வதில்லை. விற்கிறவர் பல நேரங்களில் ஏமாற்றும் நோக்கத்தோடு அப்படிச் சொல்வதில்லை. மொத்த வியாபாரி சொன்ன பெயரையே அவரும் திருப்பிச் சொல்கிறார். எனினும் பணம் கொடுப்பது நீங்கள். ஆகவே கடைக்காரரிடம் “இது பெரிலா, கண்ணாடியா? ஃபிளக்ஸா, ஹைட்ரோதெர்மலா? அதைப் பில்லில் எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். உண்மையான ஆய்வக மரகதம் விற்கிறவருக்கு இந்தக் கேள்வி எளிது. பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

நான் இதை இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வெளியூரிலிருந்து வந்த ஒரு கல் வியாபாரியிடம் ஏழு மரகதங்கள் கொண்ட பொட்டலம் ஒன்றை வாங்கினேன். நிறம் நன்றாக இருந்தது. லென்ஸில் பார்த்தபோது ஒவ்வொரு கல்லுக்குள்ளும் மெல்லிய வெண்ணிறத் திரைகள், சாம்பிராணிப் புகை காற்றில் மடிந்து சுருள்வதைப் போல, ஓடிக்கொண்டிருந்தன. மரகதத்துக்குள் மாசு இருப்பது இயல்பு. அந்த மாசுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘தோட்டம்’ என்று அழகாகவே அழைப்பார்கள். மாசு இருப்பதனால் மண்ணில் விளைந்த கல் என்று நானே முடிவு கட்டி, இரண்டு கற்களை விற்றும்விட்டேன். சில நாள்கள் கழித்து மீதிக் கற்களை, கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிவிலகல் அளவியில் வைத்தபோது அளவு 1.56 அருகே வந்தது. இயற்கை மரகதத்தில் பெரும்பாலும் 1.57-க்கும் 1.59-க்கும் இடையில் வர வேண்டும். நுண்ணோக்கியில் வைத்து மெல்லத் திருப்பியபோது, ஒரு கல்லின் ஓரத்தில் முக்கோண வடிவத்தில் தகடு ஒன்று வெள்ளியைப் போலப் பளிச்சென்று மின்னி மறைந்தது. அது பிளாட்டினம். வளர்த்த கலத்தின் சுவரிலிருந்து உதிர்ந்து படிகத்துக்குள் சிக்கிய துணுக்கு. எந்த மலையிலும் மரகதத்துக்குள் பிளாட்டினத் தகடு விளைவதில்லை. வாங்கியவர் வீட்டுக்குப் போய் விவரத்தைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கற்கள் அழகிய கற்களே. ஆய்வகக் கல் என்று சொல்லியிருந்தால் அந்த விலைக்கு வாங்கி, அந்தப் பெயரோடு விற்றிருப்பேன். சொல்லப்படாத ஒரு சொல்தான் அன்று எனக்கு நட்டத்தையும், என்னிடம் வாங்கியவருக்கு மனவருத்தத்தையும் தந்தது.

ஹைட்ரோதெர்மல் கல்லுக்கு உள்ளே தெரியும் அடையாளம் வேறு. தென்னங்கீற்றை முடைந்து வைத்ததைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாக அம்புமுனை வடிவக் கோடுகள் அதில் தெரியும். சிலவற்றில் ஆணியைத் தலையோடு அடித்து வைத்ததைப் போன்ற நீண்ட துளைகளும் இருக்கும். கொலம்பியாவிலிருந்து வரும் இயற்கை மரகதத்தில், சிறு குழிக்குள் நீரும் ஒரு குமிழியும் ஓர் உப்புப் படிகமும் சேர்ந்தே அடைபட்டிருப்பதைப் பார்க்கலாம். சாம்பியாவின் கல்லில் அப்பிரகத் துணுக்குகளைக் காணலாம். கண்ணாடியில் உருண்டைக் குமிழிகளும் பாகு கலங்கியதைப் போன்ற சுழல்களும் தெரியும். இவற்றைப் பிரித்தறியப் பயிற்சி வேண்டும். ‘செல்சி ஃபில்டர்’ என்ற நிற வடிகட்டியைக் காட்டி, சிவப்பாகத் தெரிந்தால் ஒரிஜினல் என்று சில கடைகளில் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ஆய்வக மரகதம் அதில் நன்றாகவே சிவந்து தெரியும். இரும்புச் சத்து கூடிய இந்திய, ஆப்பிரிக்க இயற்கை மரகதங்கள் பல சிவப்பதே இல்லை. பால் நிறைந்த டம்ளரில் கல்லைப் போட்டால் பால் பச்சையாகத் தெரிய வேண்டும் என்ற வீட்டுச் சோதனையும் பயனற்றது; நல்ல பச்சைக் கண்ணாடியும் அதைச் செய்யும்.

இனி உங்கள் மாலைக்கு வருகிறேன். அதில் கல்லின் தரத்தைவிட முதலில் நீங்கள் கவனிக்க வேண்டியது எடை. தங்கத்தில் ‘காரட்’ என்றால் தூய்மை. கல்லில் ‘காரட்’ என்றால் எடை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் பலர் மயங்குகிறார்கள். கல்லின் ஒரு காரட் 200 மில்லிகிராம். ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். உங்கள் மாலையின் 40 கற்களும் சராசரியாக அரை காரட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 20 காரட், அதாவது 4 கிராம். ஒரு பவன் 8 கிராம் என்பதால், ஐந்து பவன் என்று சொல்லப்பட்ட மாலையில் அரை பவன் கல்தான். கல்லுக்கு அடியில் அரக்கோ மெழுகோ நிரப்பியிருந்தால் அதன் எடையும் சேரும். கடைக்காரர் தங்கத்தின் விலையை மொத்த எடைக்குப் போட்டுவிட்டு, கல்லுக்கும் தனியாக விலை போட்டால், அரை பவன் தங்கத்தின் விலையை நீங்கள் கல்லுக்குக் கொடுத்துவிட்டு, அதே கல்லுக்கு மறுபடியும் கொடுக்கிறீர்கள். கல் எடை, அரக்கு எடை கழித்து நிகரத் தங்க எடை எவ்வளவு என்பது சீட்டில் தனியாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கினாலே, கல்லைப் பற்றி நாம் பேசும் தொகையைவிடக் கூடுதலான தொகை உங்களுக்கு மிச்சமாகலாம்.

ஹால்மார்க் முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியும் நகையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; 2023 ஏப்ரல் முதல் அந்தக் குறி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. ஆனால் அந்த முத்திரை சான்று தருவது தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே. பதித்திருக்கும் கல் மரகதமா, கண்ணாடியா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘ஹால்மார்க் நகை, அதனால் கல்லும் நல்ல கல்’ என்று சொல்லக் கேட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பில்லில் என்ன எழுத வேண்டும் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. ‘ஆய்வகத்தில் வளர்த்த மரகதம், ஹைட்ரோதெர்மல், 40 கற்கள், மொத்தம் இத்தனை காரட், கல்லின் விலை இவ்வளவு, நிகரத் தங்க எடை இவ்வளவு’ என்ற அளவில் இருந்தால் போதும். இந்தச் சொற்கள் பில்லில் இருந்து, பின்னர் சோதனையில் கண்ணாடி என்று தெரியவந்தால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். ‘பச்சைக் கல்’ என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு எங்கும் எதையும் நிரூபிக்க முடியாது. பச்சைக் கண்ணாடியும் பச்சைக் கல் என்ற பெயருக்குள் வந்துவிடும்.

கல்லைச் சோதிப்பதென்றால் நகையில் பதிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நம் மாவட்டத்தில், குறிப்பாக வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமாரின் வழியில், கல்லுக்கு அடியில் தகடு வைத்துப் பின்புறத்தை அடைத்துக் கட்டுவது வழக்கம். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அந்தக் கைத்திறனும் ஒரு காரணம். அதன் அழகில் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. எனினும் அடைத்துக் கட்டிய கல்லைச் சோதிப்பது மிகக் கடினம். தகட்டின் நிறம் கல்லின் நிறத்தை மாற்றிக் காட்டும். பக்கவாட்டில் பார்க்க முடியாது. தனியாக எடை போடவும் முடியாது. ஆகவே ஆசாரியிடம் சொல்லிச் செய்விக்கும் நகையானால், கற்களை உதிரியாக வாங்கி, அவற்றிலிருந்து மூன்று நான்கை நீங்களே கண்ணை மூடி எடுத்துக் கொடுத்துச் சோதித்துவிட்டு, அதன் பிறகு கட்டச் சொல்லுங்கள். சிறிய கற்கள் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வாங்குவது வீண் செலவு. பெரிய தனிக் கல்லானால் மட்டும், ஜெய்ப்பூரில் 1972 முதல் இயங்கிவரும் ரத்தினச் சோதனைக் கூடம் போன்ற தனித்த ஆய்வகத்தின் சான்றிதழைக் கேளுங்கள். கடை தானே அச்சிட்டுத் தரும் அட்டை அதற்கு ஈடாகாது.

விற்றால் விலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வக மரகதத்துக்கு மறுவிற்பனை விலை என்று பெரிதாக எதுவும் கிடைக்காது. நகையை மாற்றும்போது கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே கணக்குப் போடுவார்கள். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். ஏனெனில் சிறிய இயற்கை மரகதங்களுக்கும் நம் கடைகளில் பெரும்பாலும் இதே கதிதான். சேமிப்பு என்று நினைப்பதைத் தங்கத்தின் எடையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லை அணிவதற்கும் பார்த்து மகிழ்வதற்கும் வாங்குங்கள். அப்படிப் பார்த்தால், ஒரே நிறத்தில், ஒரே அளவில், உள்ளே வெடிப்பில்லாத 40 இயற்கை மரகதங்களைத் தேடிச் சேர்ப்பதற்கு ஆகும் செலவை நினைக்கும்போது, பாலக்கா மாலைக்கு ஆய்வக மரகதமே பொருத்தமானது என்பது என் கருத்து. என் வீட்டுப் பெண்ணுக்கு என்றாலும் இதையேதான் சொல்வேன். மாறாக, வாழ்நாள் முழுவதும் வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஒற்றைக் கல் மோதிரம் ஒன்று வேண்டும் என்றும், அதற்கு வசதியும் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், சான்றிதழோடு கூடிய இயற்கைக் கல்லை வாங்குங்கள் என்பேன். புதனுக்காக அணிய வேண்டும் என்று ஜோதிடர் சொல்லியிருந்தால், எந்தக் கல் ஏற்கத்தக்கது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என் துறை கல்லின் இயல்பைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.

சம்பந்தி வீட்டாரைப் பற்றி உங்கள் நாத்தனார் கேட்டதற்கும் என்னிடம் பதில் உண்டு. மாலையைக் காட்டும்போதே ‘இது ஆய்வகத்தில் வளர்த்த மரகதம், தங்கம் இவ்வளவு’ என்று சொல்லிவிடுங்கள். பில்லின் நகல் ஒன்றையும் மகளிடம் கொடுத்துவையுங்கள். நாளை அவள் அந்த மாலையை எங்காவது கொடுத்துச் சோதிக்க நேர்ந்தாலும், அவளுக்குத் தெரியாத எதையும் அங்கே யாரும் சொல்லப் போவதில்லை.

மாமியாரின் மோதிரத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மங்கிய மரகதம் கெட்டுப்போன மரகதம் அன்று. இயற்கை மரகதத்தில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கும் என்பதால், வெட்டி மெருகிட்டவுடன் தேவதாரு எண்ணெய் போன்ற நிறமற்ற எண்ணெயை அந்த வெடிப்புகளுக்குள் ஏற்றுவது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். அந்த எண்ணெய் பல ஆண்டுகளில் உலர்ந்துபோனால், அதுவரை மறைந்திருந்த வெடிப்புகள் வெண்ணிறமாகத் தெரியத் தொடங்கும்; கல் மங்கியதாகத் தோன்றும். மறுபடி எண்ணெய் ஏற்றினால் பெரும்பாலும் பழைய ஒளி திரும்பிவிடும். மங்கலுக்கு மற்றொரு காரணம் தேய்மானம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் மரகதத்தின் கடினம் 7.5 முதல் 8 வரை. நம் மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் உள்ள கார்னெட்டும் சிர்கானும் ஏறக்குறைய அந்த அளவுக்கே கடினமானவை. சாதாரண வெண்மணல்கூட 7. மணலில் கை அளைந்தும், மண்ணும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்த்தும் பல்லாண்டுகள் உழைத்த கையில் இருந்த மோதிரம் என்றால், பட்டைகளின் விளிம்புகள் மழுங்கியிருப்பதில் வியப்பில்லை. தேர்ந்தவரிடம் கொடுத்தால் மெருகேற்றித் தருவார்.

அந்த மோதிரம் எப்போது செய்யப்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். 1930-களுக்கு முன் செய்யப்பட்டு, கல் மாற்றப்படாமல் இருந்தால், அதில் ஆய்வக மரகதம் இருக்க வழியில்லை. ஒன்று இயற்கை மரகதம், அல்லது கண்ணாடி போன்ற போலி. குளச்சலிலிருந்து ஒரு மூதாட்டி ஒருமுறை தம் கம்மலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். தாயார் கொடுத்த மரகதம் என்று ஐம்பது ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். லென்ஸில் முதல் பார்வையிலேயே, கல்லின் நடுவில் கடுகைவிடச் சிறிய உருண்டைக் குமிழி ஒன்று தெரிந்தது. கண்ணாடி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை; ஆனாலும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மைக்கும் தெரிஞ்சிருக்காது” என்று மட்டும் சொல்லி, கம்மலை அதே துணியில் முடிந்துகொண்டார். உங்கள் மோதிரத்தில் இருப்பது எதுவாக இருந்தாலும், அது எது என்று தெரிந்துகொள்ளும் முன் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புத்தம் புதிய கல்லை வைக்காதீர்கள். கல் மாற்றுவதாகவே முடிவு செய்தாலும், பழைய கல்லை எடை குறித்துக் கையில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு எளிது. ஆய்வகக் கல்லில் வெடிப்பு குறைவு என்பதால் எண்ணெய் உலரும் சிக்கல் பொதுவாக இல்லை. வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டையையோ மென்மையான சோப்பையோ கரைத்து, மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும். அடைத்துக் கட்டிய மாலையை மட்டும் நீரில் ஊற வைக்கக் கூடாது. நீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, கல்லின் நிறமே செத்துவிடும். கடைகளில் உள்ள அல்ட்ராசோனிக் கருவியில் மாமியாரின் மோதிரத்தை எக்காரணம் கொண்டும் போட விடாதீர்கள். அதிர்வில் எண்ணெய் வெளியேறும், வெடிப்பு பெருகும். பற்றவைப்பு வேலை வந்தால், கல்லைக் கழற்றிய பிறகே தீ காட்டும்படி ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மறுபடி கடைக்குப் போகும்போது மதியத்துக்கு முன் போங்கள். மகளையும், திருமணப் புடவை எடுத்துவிட்டீர்களானால் அதையும் கொண்டுபோங்கள். நகைக்கடையின் விளக்குகள் எந்தப் பச்சையையும் துலக்கமாகக் காட்டும்படி அமைக்கப்பட்டவை. மாலையை வாசற்படி வரை கொண்டுவரச் சொல்லி, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். 40 கற்களில் ஒன்றிரண்டு மட்டும் மஞ்சள் கலந்தோ நீலம் கலந்தோ தெரிந்தால் அவற்றை அப்போதே மாற்றித் தரச் சொல்லலாம். மோதிரத்தைச் சோதிக்க வேண்டுமானால் கழுவாமல், உள்ளபடியே கொண்டுவாருங்கள்.